சம்ப் முதலில், மூடி கடைசியில்

பாதி கட்டிய வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறுகிறோம். வேலை முடியும்வரை அந்த வீட்டில் குழந்தைக்கு யார் காவல்?

விடியற்காலை நாலரை மணி. வாசலில் இரண்டு வாழைமரம், நிலையில் மாவிலைத் தோரணம், கூடத்தில் ஹோமப் புகை. பசுவும் கன்றும் சிமென்ட் தரையில் கால் வழுக்கி ஒருவழியாக உள்ளே வந்து போய்விட்டன. மூன்று செங்கல் அடுக்கிய அடுப்பில் பால் பொங்குகிறது. சுவரில் பூச்சு முடிந்திருக்கிறது. இன்னும் பட்டி பார்க்கவில்லை. சுவிட்ச் பெட்டிகளில் சுவிட்ச் கிடையாது, சிவப்பும் கறுப்பும் பச்சையுமாக ஒயர்கள் வெளியே தொங்குகின்றன. மாடிப்படிக்குக் கைப்பிடி வரவில்லை என்பதால் முதல் படியை மறித்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முகப்புச் சாரத்தில் திருஷ்டி பொம்மை, கோரைப்பல்லும் முட்டைக் கண்ணுமாக ஊரையே முறைக்கிறது. அதற்கு நேர் கீழே, தரையோடு தரையாக ஒரு சென்ட்ரிங் பலகை. பறக்காமலிருக்க அதன்மேல் இரண்டு செங்கல். பலகைக்கு அடியில் எட்டடி ஆழ சம்ப், முக்கால் பங்கு தண்ணீருடன். விசேஷத்துக்கு வந்த பிள்ளைகளுக்கு அந்தப் பலகைமேல் குதித்தால் வரும் 'தொம் தொம்' ஓசை பிடித்துப்போய்விட்டது. "டேய், அங்க போகாதீங்கடா" என்று பந்தி போடும் இடத்திலிருந்து ஒரு குரல் வருகிறது. குரல் மட்டும்தான், ஆள் வரவில்லை. இலை போட்டாயிற்று.

வண்டலூருக்கு அப்பால், மதுரை ஒத்தக்கடைப் பக்கம், கோவை சூலூரை ஒட்டி என்று எந்த ஊரின் புறநகரிலும் இந்தக் காட்சி புதிதில்லை. திருஷ்டிக்குக் காவல் போட்ட வீட்டில் சம்புக்குக் காவல் போடவில்லையே என்று கேட்டால் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும், வருவது நியாயம்கூட. அவர் அலட்சியமானவர் அல்லர். கட்டுமான வேலை எந்த வரிசையில் நடக்கிறதோ அந்த வரிசைதான் அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அந்த வரிசையை மாற்றாமல், "குழந்தையை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஆயிரம் முறை சொன்னாலும் பயன் குறைவு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

வைகாசியை விட்டால் ஆவணி

முடியாத வீட்டுக்கு ஏன் போகிறார்கள்? கணக்கு எளிது. வங்கி, வீட்டுக் கடனை மொத்தமாகத் தருவதில்லை. அஸ்திவாரம், தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாக விடுவிக்கிறது. விடுவித்த தொகைக்கு அன்றிலிருந்தே வட்டி ஓடுகிறது. இந்தப் பக்கம் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை. இரண்டையும் ஒரே சம்பளத்தில் சில மாதம் சமாளிக்கலாம், ஆண்டுக்கணக்கில் முடியாது. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு இன்னொரு நெருக்கடி: கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து 5 ஆண்டுகளுக்குள் வீடு முடியாவிட்டால், 2 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும் வட்டிக் கழிவு 30,000 ரூபாயாகச் சுருங்கிவிடும். பள்ளி ஜூனில் திறக்கிறது. பஞ்சாங்கமும் சும்மா இருப்பதில்லை. ஆனியும் ஆடியும் ஆகாது, ஆக வைகாசியை விட்டால் ஆவணிதான். டைல்ஸ் ஒட்டி முடியுமா என்று பார்ப்பதைவிட, தேதி தவறிவிடக் கூடாது என்பதே பெரிதாகிப்போகிறது. 'குடியேறிவிட்டு மெதுவாகச் செய்துகொள்ளலாம்' என்ற முடிவு இப்படித்தான் பிறக்கிறது. 'முடியாமல் போகாதீர்கள்' என்று அறிவுரை சொல்வது, வாடகை கட்டும் பொறுப்பு இல்லாதவர்களுக்குச் சுலபம்.

அரசு உதவியில் எழும் வீடுகளிலும் இதே கதைதான், தொகை மட்டும் சிறியது. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு ஒன்றிய அரசின் கணக்கு 1.20 லட்சம் ரூபாய். 2024-ல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம். வேலை நகர நகரத்தான் தவணை வரும். கூலிக்குப் போகும் குடும்பம் பழைய குடிசையைப் பிரித்த இடத்திலேயே புது வீட்டைக் கட்டுகிறது. தளம் போட்டு, சென்ட்ரிங் பிரித்ததும் உள்ளே போய்விட வேண்டியதுதான். வேறு போக்கிடம் இல்லை.

கட்டடத்துக்கு ஒரு வரிசை, குழந்தைக்கு ஒரு வரிசை

கொத்தனார் வேலை தொடங்குமுன் கேட்கும் முதல் கேள்வி, தண்ணீருக்கு என்ன வழி என்பது. அதனால் பல மனைகளில் வீட்டுக்கு முன்பே சம்ப் வந்துவிடுகிறது; கலவைக்கும் க்யூரிங்குக்கும் அதிலிருந்துதான் மொள்ள வேண்டும். மொள்ளும்வரை நிரந்தர மூடி இடைஞ்சல். வாசல் தரை மட்டம் முடிவாகி, போர்ட்டிகோவில் கல் பதித்த பிறகுதான் இரும்பு மூடிக்குச் சட்டம் வைப்பார்கள். இப்படி மனையிலேயே முதலில் வந்த பள்ளத்துக்குக் கடைசியில் வருகிறது மூடி. படிக்கட்டும் அப்படியே. தளத்தோடு சேர்த்துப் படியை வார்த்துவிடுகிறார்கள், ஆனால் எவர்சில்வர் கைப்பிடி கிரானைட் ஒட்டிய பிறகுதான் வரும். முன்னால் வைத்தால் மூட்டை தூக்குபவர் இடித்து வளைத்துவிடுவார். மாடிக் கைப்பிடிச் சுவர், 'அடுத்த தளம் எப்போதென்று முடிவாகட்டும்' என்று காத்திருக்கிறது. ஜன்னலுக்குக் கம்பி, பெயின்டருக்கு முன்னாலா பின்னாலா என்பது ஆசாரிக்கும் இரும்புப் பட்டறைக்கும் இடையிலான சண்டை. ஒவ்வொன்றுக்கும் தொழில்முறைக் காரணம் இருக்கிறது, எதுவும் முட்டாள்தனம் இல்லை. ஆனால் இந்த வரிசை ஆளில்லாத கட்டடத்துக்காக உருவானது. நடுவில் ஒரு மூன்று வயதுப் பிள்ளை குடியேறும் என்பதை அது கணக்கில் எடுக்கவே இல்லை.

ஆகவே, பால் காய்ச்சுவதை முன்னுக்குக் கொண்டுவருபவர்கள் மூடியையும் முன்னுக்குக் கொண்டுவந்தாக வேண்டும். இதில் புதுச் செலவு கொஞ்சம்தான்; பெரும்பாலும் இருக்கிற செலவுகளின் வரிசையை மாற்றுவதுதான். முகப்பு டைல்ஸும் ஃபால்ஸ் சீலிங்கும் ஆறு மாதம் கழித்து வரட்டும். சம்புக்கும் செப்டிக் டேங்குக்கும் பூட்டுப்போட்ட மூடி, படிக்கும் மாடி விளிம்புக்கும் தடுப்பு, மின்கசிவைத் துண்டிக்கும் கருவி, வேலைப் பொருட்களைப் பூட்டிவைக்க ஓர் அறை. இந்த நான்கும் இல்லாமல் முகூர்த்தம் பார்ப்பது, நிலை வைக்காமல் கதவுக்கு வார்னிஷ் அடிப்பதைப் போன்றது.

தடுப்பு என்றதும் எவர்சில்வரையே நினைக்க வேண்டியதில்லை. சாரத்திலிருந்து கழற்றிய சவுக்குக் கம்புகளும் கட்டுக்கம்பியும் போதும், கட்டும் விதம்தான் முக்கியம். படுக்கைவசமாக மூன்று கம்பு கட்டினால் அது குழந்தைக்கு ஏணி. ஏறிக் குதிக்க நாமே படி வைத்துக் கொடுத்த மாதிரி. நெட்டுக்குத்தாக, இடையில் 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விடாமல், இடுப்புயரத்துக்குக் குறையாமல் கட்ட வேண்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்குக் குறைந்தது 1 மீட்டர் உயரம் கேட்கிறது. பக்கத்தில் செங்கல் அடுக்கோ பெயின்ட் டின்னோ இருந்தால், அந்த 1 மீட்டர் அரை மீட்டராகிவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

[பெட்டி] எம்சிபி இருக்கிறதே, போதாதா?

போதாது. எம்சிபி காப்பது ஒயரை, ஆளை அல்ல. 6 ஆம்பியர் எம்சிபி, மின்னோட்டம் 6,000 மில்லி ஆம்பியரைத் தாண்டினால்தான் விழ நினைக்கும். ஆளைக் காக்க வைக்கும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நொடியில் ஒரு சிறு பங்கு நேரத்தில் துண்டித்துவிடும். அதாவது 200-ல் ஒரு பங்கு. ஒயரின் செம்பு முனையை உரித்து, ஓட்டையில் செருகி, தீக்குச்சியால் இறுக்கி ஓட்டும் மார்பிள் கட்டர் உள்ள வீட்டில், ஈரத் தரையில் வெறுங்காலுடன் குழந்தை நடக்கும் வீட்டில், இந்தக் கருவி முதல் நாளே போர்டில் இருக்க வேண்டும். இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. மாதம் ஒருமுறை அதன் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். எர்த் கம்பி போடாமல் 'அப்புறம் போடலாம்' என்று சொல்லும் எலக்ட்ரீஷியனுக்குப் பணத்தையும் அப்புறம் கொடுக்கலாம்.

"பக்கத்திலேயேதான் இருக்கிறோம்"

இந்த வாதத்துக்கு எதிராக முதலில் வரும் பதில் இதுதான்: வீட்டில் பாட்டி இருக்கிறார், அம்மா இருக்கிறார், பத்து வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், இத்தனை கண்களைத் தாண்டிக் குழந்தை எங்கே போய்விடும்? பத்துக் கண்கள் இருப்பதே ஆபத்து. சித்தாள் பார்ப்பார் என்று பாட்டியும், பாட்டி பார்ப்பார் என்று சித்தாளும் இருந்துவிடுவார்கள். தண்ணீர் விஷயத்தில் இது இன்னும் மோசம். மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவதுபோலக் கத்தாது; மூச்சுவிடவே திணறும்போது கத்த மூச்சேது? நடை பழகும் வயதில் உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். எட்டிப் பார்த்தால் தலைகுப்புற விழும், அரை வாளித் தண்ணீரிலிருந்தும் தானாக எழ முடியாது. சம்பின் வழுவழுப்பான சுவரில் பெரியவருக்கே பிடிமானம் கிடைக்காது. உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ல் மட்டும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர்; அவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் 5 வயதுக்குக் கீழ். கடலும் ஆறும் மட்டும் சேர்ந்து இந்தக் கணக்கை எட்டிவிடவில்லை.

கவனிப்பைவிடத் தடுப்பு வலுவானது என்பதற்கு ஒரு நகரமே சாட்சி. நியூயார்க்கில் மாடி ஜன்னல்களிலிருந்து குழந்தைகள் விழுந்து இறப்பது 1970-களின் தொடக்கத்தில் பெரும் துயரமாக இருந்தது. 1972-ல் அந்நகர சுகாதாரத் துறை ஒரு திட்டம் தொடங்கியது. பெற்றோருக்கு எடுத்துச் சொன்னதோடு நிற்கவில்லை. வீடு வீடாக ஆள் அனுப்பியது, ஜன்னல் தடுப்புக் கம்பிகளை இலவசமாகக் கொடுத்தது. பிராங்ஸ் பகுதியில் இரண்டே ஆண்டில், 1973-க்கும் 1975-க்கும் இடையில், இப்படி விழும் நிகழ்வுகள் பாதியாகக் குறைந்தன. 1976-ல் சிறு குழந்தைகள் வாழும் அடுக்குமாடி வீடுகளில் கட்டட உரிமையாளர்தான் கம்பி பொருத்த வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. நியூயார்க் தாய்மார்கள் அந்த இரண்டு ஆண்டில் திடீரென்று அதிகப் பொறுப்புள்ளவர்களாகிவிடவில்லை. ஜன்னலுக்குக் கம்பி வந்தது, அவ்வளவுதான்.

அடுத்த எதிர்வாதம் கொஞ்சம் உணர்ச்சியானது: "நாங்களெல்லாம் இப்படித்தான் வளர்ந்தோம், ஒன்றும் ஆகிவிடவில்லை." இப்படிச் சொல்பவர்கள் எல்லோரும் பிழைத்தவர்கள் என்பதை ஒருபக்கம் வைப்போம். அன்றைய வீடு எப்படி இருந்தது? ஒரே தளம், திண்ணை, முற்றம். கிணறு உண்டு, ஆனால் கிணறு பார்த்தாலே தெரியும், பெரும்பாலும் அதைச் சுற்றி இடுப்பளவு சுவர் இருக்கும், பிள்ளைகளுக்குப் பூச்சாண்டி கதை அதை வைத்துத்தான். சம்ப் கண்ணுக்குத் தெரியாத கிணறு. தரையோடு தரையாக, வாசலிலேயே, குழந்தை விளையாடும் இடத்திலேயே இருக்கிறது. அன்று மார்பிள் கட்டர் இல்லை, தின்னர் இல்லை, கம்பி நீட்டி நிற்கும் மொட்டை மாடியும் இல்லை. பழைய அனுபவத்தைப் புதிய ஆபத்துக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

"கட்டட வேலைக்கு வருபவர்களின் பிள்ளைகள் மணல்மேட்டில்தானே வளர்கின்றன?" என்று ஒரு கேள்வியும் சாதாரணமாக வரும். அது வாதம் ஆகாது, வெட்கப்பட வேண்டிய நிலை. கட்டடத் தொழிலாளருக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பறை வேண்டும் என்றது. மூன்று சித்தாள்கள் வேலை பார்க்கும் தனி வீட்டு மனை அந்தக் கணக்கில் எப்படி வரும்? தூளி கட்டிய சாரக் கம்புக்குக் கீழே தூங்கும் குழந்தையும், உள்ளே புது வீட்டில் தூங்கும் குழந்தையும் ஒரே சம்பைத்தான் சுற்றி வருகின்றன. வீட்டுக்காரர் போடும் மூடி இரண்டு பிள்ளைகளையும் காக்கும்.

தண்ணீர் பாட்டிலில் ஆசிட்

விழுவதும் மூழ்குவதும் கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து. வேலை நடக்கும் வீட்டில் அதைவிடச் சத்தமில்லாத சில உண்டு. டைல்ஸ் ஒட்டியபின் சிமென்ட் கறை போக்க ஆசிட் வாங்கிவருவார்கள்; பெயின்டர் தின்னர் கொண்டுவருவார். பெரிய கேனிலிருந்து கொஞ்சம் ஊற்றிக்கொள்ள மனையில் கிடைக்கும் பாத்திரம் எது? குடித்துப் போட்ட தண்ணீர் பாட்டில், கலர் பாட்டில். வெயிலில் ஓடிவரும் பிள்ளைக்கு அது தண்ணீர்தான். ஈர சிமென்டும் சுண்ணாம்பும் காரத்தன்மை மிகுந்தவை. காரம் பட்டால் அமிலத்தைப்போல மேலோடு நின்றுவிடாமல் கண்ணின் உள்ளடுக்குவரை ஊடுருவிக்கொண்டே போகும். சுண்ணாம்புக் கலவை தெறித்த கண்ணைக் கசக்கிவிட்டு, 'ஊது, சரியாப்போயிடும்' என்பதில் ஒரு பார்வை போய்விடக்கூடும்.

[பெட்டி] பட்டுவிட்டால் முதலில்…

கண்ணில் சிமென்ட், சுண்ணாம்பு, ஆசிட்: இமையை விரித்துப் பிடித்து, ஓடும் நல்ல தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் விடாமல் கழுவிவிட்டுத்தான் ஆட்டோ பிடிக்க வேண்டும். ஆசிட்டோ தின்னரோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. போன வழியைச் சுட்டது திரும்பி வரும் வழியையும் சுடும், தின்னர் நுரையீரலுக்குள் இறங்கும். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஷாக் அடித்த குழந்தையை இழுக்குமுன் மெயினை அணைக்க வேண்டும். தண்ணீரிலிருந்து எடுத்த குழந்தையைத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சுற்றக் கூடாது. மூச்சில்லை என்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்தியபடி 108-ஐ அழைக்க வேண்டும்.

இன்னொன்று, க்யூரிங் தண்ணீர். புது கான்கிரீட் குறைந்தது 7 நாள் ஈரத்தில் இருக்க வேண்டும் என்பது பொறியியல் விதி. தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது அதற்காகத்தான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர எடுத்துக்கொள்வதும் ஏறக்குறைய 7 முதல் 10 நாள்தான். இந்தப் பொருத்தத்தைப் பார்த்தால் கொசுதான் விதியை எழுதியதோ என்று தோன்றும். சாக்கு போட்டு நனைப்பதும், தேங்கிய தண்ணீரை வாரம் ஒருமுறையாவது முழுக்க வடியவிட்டுக் காயவைப்பதும் கான்கிரீட்டுக்கும் பழுதில்லை, குழந்தைக்கும் நல்லது. டைல்ஸ் வெட்டும் தூசியும் அப்படியே. உலர வெட்டினால் பறப்பது சிலிக்கா. தண்ணீர் விட்டு, வீட்டுக்கு வெளியே வெட்டச் சொல்ல வேண்டும். மேஸ்திரி முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

யாருடைய வேலை அது?

நம் ஊரில் வீட்டு ஒப்பந்தம் சதுர அடிக் கணக்கில் பேசப்படுகிறது. கம்பி என்ன கம்பெனி, சிமென்ட் எது, டைல்ஸ் சதுர அடி எவ்வளவு ரூபாய்வரை என்று பத்திரத்தில் பக்கம் பக்கமாக இருக்கும். தற்காலிகத் தடுப்பு, சம்ப் மூடி, மாலையில் மெயினை அணைத்துவிட்டுப் போவது ஆகியவை ஒரு வரியிலும் இருக்காது. ஆகவே அது கான்ட்ராக்டரின் வேலையும் இல்லை, வீட்டுக்காரரின் வேலையும் இல்லை. விபத்து நடந்த பிறகு மட்டும் அது யாருடைய வேலை என்று காவல் நிலையத்தில் தேடுவார்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது நாடே நான்கு நாள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. திறந்த ஆழ்துளைக் கிணறுகளை மூட உச்ச நீதிமன்றம் 2010-லேயே நெறிமுறைகள் வகுத்திருந்தது. விதி இருந்தது, குழியும் இருந்தது, மூடித்தான் இல்லை. ஆழ்துளைக் கிணற்றுக்காவது அப்படியொரு உத்தரவு உண்டு. கட்டி முடியாத வீட்டின் சம்புக்கு அதுவும் கிடையாது.

பார்க்க வரும் அதிகாரியும் இல்லை. தமிழகத்தில் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிவரை வீடு கட்ட நேரில் ஆய்வு இல்லாமலே இணையத்தில் அனுமதி கிடைக்கிறது. நிறைவுச் சான்றும் தேவையில்லை. அலைச்சலும் கையூட்டும் குறையும் என்பதால் மக்கள் இதை வரவேற்றார்கள், அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் நுழையக்கூடிய ஒரு வெளியாள் அதோடு குறைந்துபோனார். மிச்சமிருப்பவர் ஒருவர்தான்: கடன் தவணை விடுவிக்குமுன் படமெடுக்க வரும் வங்கியின் பொறியாளர். அரசு வீடு என்றால் ஊராட்சி ஒன்றியப் பொறியாளர். இருப்பிட அடையாளத்தோடு கைபேசியில் படமெடுத்து ஏற்றினால்தான் பணம் வரும். இருவரும் சுவரை அளக்கிறார்கள், தளத்தைப் படமெடுக்கிறார்கள், சென்ட்ரிங் பலகையைத் தாண்டி நடந்துபோகிறார்கள். குடும்பம் குடியேறிவிட்டது என்று தெரிந்தால், மூடிய சம்பையும் தடுப்புக் கட்டிய படியையும் இரண்டு படம் எடுத்தால்தான் அடுத்த தவணை என்று ஒரு வரி சேர்த்தால் போதும். புதுத் துறை வேண்டாம், புது ஊழியர் வேண்டாம். வீட்டுக்காரருக்கு இது இன்னொரு தொல்லை என்பார்கள். தவணைக்காக லின்டல் மட்டத்தைப் படமெடுத்துக் காட்டுபவருக்கு மூடியைக் காட்டுவது பெரிய பாடா என்ன?

'இதெல்லாம் ஆறு மாதக் கூத்து, வேலை முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று நினைப்பவர்கள் தங்கள் தெருவில் அண்ணாந்து பார்க்கலாம். ஒவ்வொரு மொட்டை மாடியிலும் நான்கு மூலையில் தூண் கம்பிகள் துருப்பிடித்து நிற்கின்றன, அடுத்த தளத்துக்காக விட்டவை. முனை பட்டுவிடக் கூடாதென்று கவிழ்த்த தண்ணீர் பாட்டில் வெயிலில் பொடிந்து உதிர்ந்துவிட்டது. கம்பியை மடக்கிவிடவோ மேலே பலகை கட்டவோ யாருக்கும் தோன்றவில்லை. மூன்று பக்கம் கைப்பிடிச் சுவர் இருக்கிறது. நாலாவது பக்கத்தில் ஒற்றைச் செங்கல் வரிசை, அதன்மேல் வடாம் காய்கிறது. பால் காய்ச்சிய அன்று சென்ட்ரிங் பலகையில் குதித்த பிள்ளை இப்போது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. விடுமுறைக்கு வந்திருக்கும் அக்காவின் குழந்தை இன்று காலைதான் தானாக மாடிப்படி ஏறக் கற்றுக்கொண்டிருக்கிறது.